கண்ணைத் திறந்துகொண்டு பாடம் நடத்துவது எப்படி

நாற்பத்தாறு வயதில் பி.எட். சேர்ந்தவனைப் பார்த்து யாரும் உடனே சிரித்துவிடுவதில்லை. முதலில், "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்கிறார்கள். "எனக்குத்தான்" என்று சொன்னதும் வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் செல்போனை எடுத்துப் பார்க்கிறார்கள். அட்மிஷனுக்குப் போன அன்று காலேஜ் வாட்ச்மேன் என்னை எழுந்து நின்று வரவேற்று, பிரின்சிபால் அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நான் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவன் என்று நினைத்திருக்கிறார். உண்மை தெரிந்த மறுநாளிலிருந்து ஐ.டி. கார்டு இல்லாமல் உள்ளே விடமாட்டேன் என்றார்.

அதற்கு முன் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தனியார் கல்லூரியின் நூலகத்தில் வேலை பார்த்தேன். மற்றவர்களைப் பேசவிடாமல் செய்வதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். அதற்கும் பேச வேண்டியதில்லை. உதட்டில் விரலை வைத்தால் போதும். மற்ற நேரமெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் நிர்வாகம் நூலகத்தை டிஜிட்டல் ஆக்கியது. என்னையும் ஆக்கிப் பார்த்தார்கள். நான் சரியாக ஸ்கேன் ஆகவில்லை.

மூலக்குளத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னத் தனியார் பள்ளி இருக்கிறது. அதன் தாளாளர் என் முகத்தையும் தலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வயசு ஒரு மேட்டரே இல்ல சார். தல நரைச்சிருந்தா பேரன்ட்ஸ் நம்புவாங்க. சோஷியல் சயின்ஸுக்கு ஜூன்ல இடம் இருக்குது, உங்களுக்குன்னு வச்சிருக்கேன். ஆனா பி.எட். இல்லாம உள்ள விட முடியாது, ஆமா."

ஆகவே ஜூன் மாதம் என்பது எனக்கு ஒரு கதவு. அது சாத்திக்கொண்டால், நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்காக இன்னொரு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பாண்டியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

எழுத்துத் தேர்வுகளைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது. படிப்பது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்த வேலை. கடைசி வருஷம் வருகிற செய்முறைத் தேர்வுதான் பயம். வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து பின் பெஞ்சில் உட்காருவார். அவர் முன்னால் உண்மையான பிள்ளைகளுக்கு உண்மையான பாடம் ஒன்று நடத்த வேண்டும். பார்வை, குரல், கை, நடை எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. புத்தகம் படித்ததற்கு இல்லை.

உண்மையான பிள்ளைகளிடம் அனுப்புவதற்கு முன் பொய்ப் பிள்ளைகளை வைத்து நம்மைப் பழக்குவார்கள். மைக்ரோ டீச்சிங் என்று பெயர். கூடப் படிக்கிறவர்களே பெஞ்சில் உட்கார்ந்து ஆறாம் வகுப்பு மாணவர்களாக நடிக்க வேண்டும். எங்கள் காலேஜ் ஒரு பழைய பிரெஞ்சுக்காரர் வீட்டில் நடந்தது. கூரை எங்கேயோ உயரத்தில் இருக்கும். பேசினால் நாம் சொன்னதை அது இன்னொருமுறை, நம்மைவிட நன்றாகச் சொல்லும். அந்தக் கூரைக்குக் கீழே மீசை வைத்தவர்கள், இரண்டு குழந்தை பெற்றவர்கள், வங்கிக் கடன் கட்டுகிறவர்கள் எல்லோரும் கை கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். "சார், இவன் கிள்ளுறான் சார்" என்று புகார் சொன்னவருக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

என் தலைப்பு எரிமலை. முதல் நாள் ராத்திரியெல்லாம் தயார் செய்திருந்தேன். பூமியின் அடியில் பாறை எப்படி உருகுகிறது, எப்படி மேலே வர வழி தேடுகிறது என்று ஆரம்பித்தேன். வார்த்தைகள் நன்றாக வந்தன. எனக்கே என் விளக்கம் பிடித்திருந்தது. கடைசியில் "இப்போது எரிமலை வெடிக்கிறது!" என்று கையை விரித்துக் கண்ணைத் திறந்தேன்.

வகுப்பில் யாரும் இல்லை.

ஒரே ஒருவர் மட்டும் இருந்தார். கருவடிக்குப்பத்திலிருந்து வருகிற ஒரு அம்மா. எங்கள் செட்டில் எனக்கு அடுத்தபடி வயதானவர். அன்று என்னைக் கவனித்துக் குறை நிறை சொல்வது அவருடைய வேலை, அதனால் போக முடியவில்லை.

"எல்லாரும் எங்கே?" என்றேன்.

"டீ குடிக்கப் போயிட்டாங்க சார். நீங்க லாவா வரைக்கும் வந்தப்பவே கெளம்பிட்டாங்க."

"சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நல்லா ரசிச்சி நடத்திக்கினு இருந்தீங்க. கெடுப்பானேன்னு உட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, யோசித்துப் பேசும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று. மூடிய கண்ணால் மூடிய கண்ணைப் பார்க்க முடியாது. இயற்கையின் இந்த ஏற்பாட்டால் இவ்வளவு வருஷம் நிம்மதியாக இருந்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"பொண்ணு பாக்க வந்தப்பவே கண்ண மூடிக்கினுதான் பேசுனீங்க. கூச்ச சுபாவம், நல்ல புள்ளன்னு எங்க வீட்ல முடிவு பண்ணிட்டாங்க."

"நீ சொல்லவே இல்லியே?"

"நல்லதுதானேன்னு இருந்தேன். நீங்க பேசறப்ப நான் என் வேலைய பாத்துக்கலாம்."

டீ குடித்துவிட்டு வந்த என் மாணவர்களை எங்கள் மேற்பார்வைப் பேராசிரியை கூப்பிட்டு விசாரித்தார். அவர்கள் சார்பில் கல்யாண மாப்பிள்ளை பதில் சொன்னார்: "ஆறாங்கிளாஸ் பசங்களா நடிக்கச் சொன்னீங்க மேடம். வாத்தியாரு கண்ண மூடிக்கினா ஆறாங்கிளாஸ் பசங்க இன்னா பண்ணுவாங்களோ, அதத்தான் பண்ணோம்." பேராசிரியை கொஞ்சம் யோசித்தார். இயல்பான நடிப்பு என்று அவர்களைப் பாராட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாடம் ரொம்ப நல்லா இருந்திருக்கும் சார். ஆனா அத நீங்களும் பாக்கல, பசங்களும் பாக்கல. செய்முறைத் தேர்வுல இப்படி நின்னீங்கன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

பயிற்சிக்கு முத்தியால்பேட்டையில் ஒரு அரசுப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஏழாம் வகுப்பு, காலையில் முதல் பீரியட். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் புதிதில்லை. வருஷா வருஷம் மழைக்காலம் மாதிரி பி.எட். காலம் ஒன்று அவர்களுக்கு உண்டு. புதிதாக ஒருவர் கையில் சார்ட்டைச் சுருட்டிக்கொண்டு உள்ளே வந்தாலே எந்த வகை என்று எடை போட்டுவிடுவார்கள்.

முதல் நாள் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து அந்த ராகத்தைப் பாடினார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் அது தெரியும். "வ...ணக்...கம் சா...ர்" என்று ஒரு பக்கம் ஏறி இன்னொரு பக்கம் இறங்கும். நாம் "உக்காருங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு "நன்...றி சா...ர்" என்று இன்னொரு ஏற்ற இறக்கம். அது முடியாமல் ஒரு பிள்ளையும் உட்காராது. பெரியவர்கள் யார் உள்ளே வந்தாலும் இதுதான் முறை. தலைமையாசிரியர் வந்தாலும், அதிகாரி வந்தாலும், ராகம் ஒன்றுதான். கடைசிச் சொல் மட்டும் மாறும்.

வகுப்புத் தலைவி ஒரு பெண். அவள் அப்பா பக்கத்துத் தெருவில் டூவீலர் மெக்கானிக். கோளாறு எங்கே இருக்கிறது என்று காது கொடுத்துக் கண்டுபிடிப்பது அவர்கள் குடும்பத்தில் வருவது போலிருக்கிறது. எழுந்து கேட்டாள்:

"சார், நீங்க சார்ட் சாரா, பாட்டு சாரா?"

"ரெண்டும் இல்ல."

"அப்ப கேள்வி சாரா?"

"நான் விளக்கிச் சொல்ற சார்."

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு விட்டது.

கண்ணைத் திறந்து வைத்திருக்க எனக்கு எல்லோரும் வைத்தியம் சொன்னார்கள். கருவடிக்குப்பத்து அம்மா சொன்னது: "பசங்கள பாத்தாதானே சார் யோசனை தடுமாறுது? பின்னாடி செவுத்துல ஒரு எடத்தப் பாத்துப் பேசுங்க. பசங்க அவங்களத்தான் பாக்குறீங்கன்னு நெனச்சிக்குவாங்க." நல்ல யோசனை. பின் சுவரில் ஓடாத கடிகாரம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து ஆறுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் முன் பெஞ்சு திரும்பிப் பார்த்தது. பிறகு நடு பெஞ்சு. பிறகு வகுப்பு முழுக்கத் திரும்பி உட்கார்ந்து என்னோடு சேர்ந்து கடிகாரத்தைப் பார்த்தது. கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் மட்டும், தன் தலைக்கு மேலே என்னவோ இருக்கிறதென்று பயந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டான்.

"அது ஓடாது சார்," என்றாள் தலைவி. "நாங்க ஆறாவது படிச்சப்பவே நின்னுடுச்சி."

அடுத்ததை நானே ஒரு புத்தகத்தில் படித்தேன். கண்ணைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் நெற்றியைப் பார். எதிரில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது என்று போட்டிருந்தது. புத்தகத்தை எழுதியவர் ஏழாம் வகுப்புக்குப் போயிருக்க மாட்டார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையனின் நெற்றியைத் தேர்ந்தெடுத்தேன். அவன் துடைத்தான். நான் பார்த்தேன். மறுபடி துடைத்தான். பக்கத்துப் பையன் அவன் நெற்றியை ஆராய்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று சாட்சி சொன்னான். அவன் நம்பவில்லை.

மறுநாள் காலை அவன் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"எம்புள்ள நெத்தியில இன்னா சார் தெரியுது உங்களுக்கு?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணும் இல்லாமியா பீரியட் பூராவும் பாத்தீங்க? சாயங்காலத்துலேர்ந்து கண்ணாடி முன்னாடியே நிக்கிறான். சோறு எறங்கல. அவங்க வாப்பா பள்ளிவாசலுக்கு இட்டுக்கினு போயி ஓதிக் கூட்டியாந்துட்டாரு. இனிமே பாக்காதீங்க சார், புண்ணியமாப் போவும்."

பார்க்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அன்றைக்கு மறுபடி கண்ணை மூடிக்கொண்டு பாடம் நடத்தினேன். யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை.

வீட்டில் மனைவியை நாற்காலியில் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். தேர்வுக்கு நான் எடுத்திருந்த பாடம் சமத்துவம். எல்லா மனிதர்களும் சமம், எல்லா வேலையும் மதிப்புக்குரியது என்று அருமையாக ஆரம்பித்தேன். கண்ணைத் திறந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. சமையலறையிலிருந்து குரல் வந்தது: "சமத்துவம்னுதானே சொல்லிக்கினு இருக்கீங்க? வந்து இந்தத் தேங்காயத் துருவுங்க."

கடைசியில் வைத்தியம் செய்தது ஏழாம் வகுப்புதான். ஒரு நாள் மக்களாட்சியைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தேன். மொத்த வகுப்பும் எழுந்து நின்றது.

"வ...ணக்...கம் சா...ர்!"

பழக்கத்தில் "உக்காருங்க" என்றேன். "நன்...றி சா...ர்" என்று உட்கார்ந்தார்கள். என்னவென்று புரியாமல் மேலே போனேன். கொஞ்ச நேரத்தில் கண் மூடியிருக்க வேண்டும். திறந்ததும் மறுபடி எழுந்தார்கள். மறுபடி வணக்கம்.

"என்ன இது? ஒரு தரம் சொல்லியாச்சுல்ல?"

தலைவி எழுந்தாள். இடுப்பில் ஒரு கை. "நீங்க கண்ண மூடிக்கினா வெளிய போயிட்ட மாரிதானே சார்? தொறந்தா திரும்பி வந்துட்டீங்கன்னு அர்த்தம். சார் உள்ள வந்தா வணக்கம் சொல்லணும். சொல்லலன்னா எங்களத்தான் திட்டுவாங்க."

இதில் எங்கே தவறு என்று யோசித்தேன். யோசித்ததால் கண் மூடிக்கொண்டது. திறந்தபோது நின்றுகொண்டிருந்தார்கள்.

முதல் வாரம் பாடத்தைவிட வணக்கம் அதிகமாக நடந்தது. பக்கத்து வகுப்பு டீச்சர், எங்கள் வகுப்புக்கு அடிக்கடி அதிகாரிகள் வந்து போவதாக நினைத்து இஸ்திரி போட்ட புடவையில் வர ஆரம்பித்தார். ஆனால் நான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தினேன். இமை கீழே இறங்கும்போதே முன் வரிசையில் பெஞ்சு நகரும் சத்தம் கேட்கும். அவர்கள் எழுந்திருக்கத் தயாராகிறார்கள். உடனே இமையை மேலே இழுத்துக்கொள்வேன். ஏமாற்றத்தோடு உட்காருவார்கள். மாசி மாதம் வந்தபோது ஒரு பீரியடை வணக்கமே இல்லாமல் ஓட்டினேன். கருவடிக்குப்பத்து அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தேர்வுக்கு முந்தின நாள் வகுப்பில் தெளிவாகச் சொன்னேன். நாளைக்குப் பின்னால் ஒருத்தர் உட்காருவார். ஆரம்பத்தில் ஒரே ஒரு வணக்கம். நடுவில் நான் என்ன செய்தாலும் எழுந்திருக்கக் கூடாது.

"நீங்க தூங்கிட்டா கூடவா சார்?"

"தூங்கிட்டா கூட."

"பெயிலாக்கிடுவாங்களா சார்?"

"ஆக்கிடுவாங்க."

"அப்ப உங்களுக்கு வேல கெடைக்காதா சார்?" என்று நெற்றிப் பையன் கேட்டான். கிடைக்காது என்றேன். தங்களுக்குள் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். பிறகு தலைவி, "எழுந்துக்க மாட்டோம் சார்," என்று சத்தியம் செய்து கொடுத்தாள்.

தேர்வாளர் கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். ஓய்வு பெறப் போகிற பேராசிரியர். முந்தின வாரம் வேறொரு காலேஜில் ஒருவர் பாடம் நடத்தி முடித்ததும், "வேற ஏதாச்சும் தொழில் யோசிச்சீங்களா?" என்று அன்பாக விசாரித்தார் என்று சேதி வந்திருந்தது. எங்கள் பேராசிரியையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பாடத்திட்டத்தை வாங்கினார். அதில் எல்லோரும் ஒரு பத்தி எழுதுவோம்: பாடம் முடிந்ததும் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கப்படும் நடத்தை மாற்றம். 'மாணவர்கள் எல்லாத் தொழிலாளரையும் சமமாக மதிப்பர்' என்று எழுதியிருந்தேன். எனக்கு முந்தின வருஷக்காரர் எழுதியதைப் பார்த்து எழுதியது. அவரும் அப்படித்தான் எழுதியிருப்பார். தேர்வாளர் அந்த இடத்தில் விரலை வைத்து, லேசாகத் தலையை ஆட்டிச் சிரித்தார். எத்தனை வருஷமாக எத்தனை நடத்தை மாற்றங்களைப் படித்திருப்பாரோ.

ஆரம்பம் நன்றாகப் போனது. கேள்வி கேட்டேன், பதில் சொன்னார்கள். கரும்பலகைக்கும் முன் பெஞ்சுக்கும் நடந்தேன். கையை அளவாக ஆட்டினேன். கண்ணை அகல விழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அதிகமாகவே போலிருக்கிறது, முன் பெஞ்சில் ஒரு பெண் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு அந்த இடம் வந்தது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்றால் உண்மையில் என்ன அர்த்தம்? புத்தகத்தில் இருக்கிற வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். எனக்கு அதைவிட நல்ல வாக்கியம் ஒன்று வரும்போல் இருந்தது. வந்துகொண்டே இருந்தது. அதைப் பிடிக்கப் போனேன்.

பெஞ்சுகள் நகரும் சத்தம் கேட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

வகுப்பே நின்றுகொண்டிருந்தது. இதில் அவர்கள் தவறு எதுவும் இல்லை. இத்தனை வாரம் பழகிய கால்கள். சத்தியம் செய்தது வாய்தானே. எழுந்த பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. எல்லா முகத்திலும் திகில். ஆனால் ராகம் ஏற்கனவே தொடங்கிவிட்டது. "வ...ணக்..." என்று மேலே ஏறிவிட்டதை இறக்காமல் விட முடியாது.

பின்னால் தேர்வாளரும் எழுந்துவிட்டார். கல்வித்துறையிலேயே காலம் தள்ளியவர். வகுப்பு மொத்தமும் எழுந்தால் யாரோ பெரியவர் வருகிறார் என்று அர்த்தம். யார் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் எழுந்திருக்க வேண்டும். சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினார். அவர் எழுந்ததால் பேராசிரியையும் எழுந்து திரும்பினார். அவர்கள் வாசலைப் பார்ப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் வாசலைப் பார்த்தார்கள். இவ்வளவு பேர் பார்க்கும்போது நான் மட்டும் எப்படிப் பார்க்காமல் இருப்பது? நானும் பார்த்தேன். யாராவது அதிகாரி வந்து நின்றால் பிழைத்தேன் என்று ஒரு நினைப்பு.

வாசலில் ஒரு அம்மா, இடுப்பில் பிளாஸ்டிக் கூடையோடு நின்றிருந்தார். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பார்கள். குடித்த டம்ளர்களை வாங்கிப்போக வந்தவர். நான் அவரை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன். பிள்ளைகளுக்குத் தெரியும். ராகம் உச்சியில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். 'சார்' என்று சொன்னால் நான் தொலைந்தேன். தலைவி என்னை ஒருமுறை பார்த்தாள், வாசலை ஒருமுறை பார்த்தாள்.

"...கம் அக்...கா!" என்று கத்தினாள்.

வகுப்பு அப்படியே பிடித்துக்கொண்டு இறக்கி முடித்தது. தேர்வாளரும் பாதியில் கைகூப்பிவிட்டார்.

அந்த அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. "இன்னாங்கடா?" என்றார். அப்புறம் பேன்ட் சட்டை போட்ட ஒருவர் கைகூப்பி நிற்பதைப் பார்த்துப் பதறி, "உக்காருங்க சார், உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்றார்.

"நன்...றி அக்...கா!"

தேர்வாளர் உட்கார்ந்தார்.

மிச்சப் பாடத்தை எப்படி நடத்தினேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்; ஏனென்றால் முழுவதையும் பார்த்துக்கொண்டே நடத்தினேன். பயத்தில் இமை இறங்கவே இல்லை. வகுப்பு என்பது அவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருத்தி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் உதட்டை அசைத்து எனக்கு அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நெற்றிப் பையன் தானாகவே நெற்றியைக் காட்டி, இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சைகை செய்தான். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, பாடத்துக்காக இல்லாமல், என் இமைக்காக உட்கார்ந்திருந்தார்கள்.

முடிந்ததும் தேர்வாளர் எழுந்து முன்னால் வந்தார். என்னிடம் பேசவில்லை. வாசலில் காத்திருந்த அந்த அம்மாவிடம் போனார்.

"ஏம்மா, தினமும் இந்தப் பசங்க உங்களுக்கு எழுந்து வணக்கம் சொல்லுவாங்களா?"

என் ஜூன் மாதம் அந்த அம்மாவின் வாயில் இருந்தது.

"எனக்கா?" என்றார் அவர். "இதுங்களா? போன வாரம் என் கூடையில தவளையப் புடிச்சிப் போட்டுச்சிங்க சார்."

தலைவி தலையைக் குனிந்துகொண்டாள். தேர்வாளர் என் பாடத்திட்டத்தைக் கையில் எடுத்தார். விரல் பழைய இடத்துக்குப் போனது.

"போன வாரம் தவளை," என்றார் மெதுவாக. "இன்னிக்கி வணக்கம்." பேராசிரியை பக்கம் திரும்பினார். "இத்தன வருஷத்துல இந்தப் பத்தி நெசமா நடந்து நான் பாத்ததே இல்ல மேடம். அதுவும் பாடம் முடியறதுக்குள்ளயே! நடுவுல!"

எங்கள் பேராசிரியைக்கு என் கண்ணைப் பற்றியும் தெரியும், வணக்கத்தைப் பற்றியும் தெரியும். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டதாகத் தேர்வாளர் எடுத்துக்கொண்டார்.

"சார்," என்று என்னிடம் வந்தார், "அந்தக் கேள்வியக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் கண்ண மூடி மௌனமா நின்னீங்களே. அந்த மௌனம்தான் வேல செஞ்சிருக்குது. என் பிள்ளைங்களுக்கும் இத சொல்லப்போறேன்."

அவரிடம் பயிலப்போகிறவர்களை நினைத்து எனக்கு வருத்தமாக இருந்தது. மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். பின் பெஞ்சிலிருந்து முன் பெஞ்சு வரை எல்லாத் தலையும் வேண்டாம் என்று ஆடியது. மூடிக்கொண்டேன், வாயை.

"ஜூன்ல எங்கியாச்சும் வேல இருக்குதா உங்களுக்கு?"

"மூலக்குளத்துல ஒரு ஸ்கூல்ல சொல்லியிருக்காங்க சார்."

"தைரியமாப் போய்ச் சேருங்க," என்று கை கொடுத்துவிட்டு, பேராசிரியையோடு அடுத்த வகுப்புக்குப் போனார்.

அவர் படி இறங்கிய சத்தம் அடங்கியதும் வகுப்பு வெடித்தது. பெஞ்சைத் தட்டினார்கள், நோட்டை மேலே வீசினார்கள். "பாஸு சார்! பாஸு!" என்று ஒருவன் மேஜையைச் சுற்றி ஓடினான். தலைவி தன் பங்குக்கு என்னிடம் வந்து, "நாந்தான சார் அக்கான்னு சொன்னேன்?" என்று உறுதி செய்துகொண்டாள்.

"ஏ, சத்தம் போடாதீங்கடா," என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கூடையோடு அந்த அம்மா இன்னும் அங்கேதான் நின்றிருந்தார். "அவ்ளோ பேரும் எழுந்து நின்னு மரியாத குடுத்தீங்களே, ஒருத்தராச்சும் டம்ளரக் குடுத்தீங்களா? எவ்ளோ நேரம் நிக்கிறது?"

எல்லோரும் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள். யாரும் நகரவில்லை. பாடத்திட்டம் மேஜை மேல் கிடந்தது. நான் போய் அவரிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போனேன். ஒன்று டெஸ்க்குக்கு உள்ளே இருந்தது. ஒன்றில் பென்சில்கள் இருந்தன. ஒன்றை எடுப்பதற்கு, கால்களுக்கு நடுவில் அதை ஒளித்துக்கொண்டிருந்தவனின் முகத்தை நேராகப் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தேன், கொடுத்துவிட்டான்.

"தெனமும் நீங்களேதான் இத எடுத்துக்கினு போவீங்களா?" என்று கேட்டேன்.

"வேற யாரு?"

"நான் உங்களப் பாத்ததே இல்லியே. இத்தன மாசமா இந்த பீரியட்ல நான்தான் இருக்கேன்."

"நீங்க எங்க பாக்கறது? நான் உங்கள தெனமும் பாக்கறேன். கண்ண மூடிக்கினு நின்னுக்கினு இருப்பீங்க. ஏதோ சாமிக்கு வேண்டிக்கிறீங்க, நாம எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு, சத்தம் இல்லாம டம்ளர எடுத்துக்கினு போயிடுவேன்." கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "ரெண்டு கொறையுது சார்."

தேடப் போனேன்.